என்னைப் பார்க்க வந்த பஸ்

"தங்கச்சி, நீங்க நல்லா அடிக்கிற. அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா ஒங்கள பாக்க யாரு பஸ் ஏறி வரப் போற?"

கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் என்னிடம் கேட்ட கேள்வி இது. கடையின் பின்பகுதியில் குத்துச்சண்டைக் கையுறைகளும் விற்பார். கண்டி நகரத்து மண்டபமொன்றில் சில மாதங்களுக்கு ஒருமுறை போட்டி நடத்துவதும் அவர்தான். யார் யாரோடு மோதுவது, எது முதல் போட்டி, எது கடைசிப் போட்டி, யாருடைய படம் பதாகையில் வருவது என்பதெல்லாம் அவர் முடிவு. என்னையும் ஏதாவது ஒரு போட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் நான் அன்று போயிருந்தேன்.

அவர் என்னை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. பெரிய பாடசாலைகளில் படித்தவர்களுக்குப் பழைய மாணவர்கள் வருவார்கள், கூடவே ஊதுகுழலும் மேளமுமாகப் பப்பரே வாத்தியக்காரர்களும் வருவார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெருவே திரண்டு வரும். "ஹோல் வெறிச்சோடி ஈந்தா அடிக்கிறவங்களுக்கும் கை எழும்பாது தங்கச்சி" என்றார். பிறகு ஏதோ யோசித்துவிட்டு முதல் போட்டியாக என்னைப் போட்டார். முதல் போட்டி என்றால், ஆட்கள் இன்னும் கதிரை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடப்பது.

நான் ஹேவாஹெட்டப் பக்கத்து மலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிப்பவர். எங்கள் குடும்பத்தில் பாடசாலைக்குப் போய்ப் படித்து முடித்தவள் நான்தான் முதல். உயர்தரம் சித்தியடைந்து, கண்டியில் ஒரு கம்பனியில் எழுதுவினைஞராக வேலைக்குச் சேர்ந்தேன். அந்தப் பெருமை எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வேலை முடிந்து போர்டிங் அறைக்குப் போகும் வழியில் ஒரு குத்துச்சண்டைக் கழகம். கொஞ்ச நாள் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒருநாள் உள்ளே போனேன். அங்கே பயிற்சி தருபவரை எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். சிங்களவர். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொற்கள்: 'அடி', 'போதும்'. முதலாவதைத்தான் அதிகம் சொல்வார்.

அந்த முதல் போட்டியில் நான் வென்றேன். என்னைப் பார்க்க வந்தவர்கள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியும் அவளுடைய தங்கையும் மட்டுந்தான். எதிர்ப் பெண்ணுக்கு அவளுடைய ஊரே வந்திருந்தது. அவள் தடுமாறிக் கயிற்றில் சாய்ந்தபோதும் அவளுக்குத்தான் கைதட்டினார்கள். நடுவர் என் கையை உயர்த்தியபோது, யாரோ சோடாப் போத்தல் திறந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. வெளியே வரும்போது நானா வாயிலில் நின்றார். "மாஷா அல்லாஹ், நல்லா செஞ்ச" என்றார். பழைய கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். விஷயம் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"மூஞ்சில குத்து வாங்கவா ஒன்ன இவ்வளவு படிக்க வச்சேன்?" என்று அம்மா அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தார். "மூக்கு ஒடஞ்சா யாருடி ஒன்ன கட்டுவா?"

லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எங்களுக்கு அடுத்த வீடு அத்தையுடையது. அப்பாவின் அக்கா. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டுக் காரியங்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர். அவர் வந்து என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"எங்க, ஒரு வீக்கத்தயும் காணோமே? இந்தா பாரு, ஒன் மக வாங்கிட்டு வரல. குடுத்துட்டுத்தான் வந்திருக்கா."

என் முதல் ரசிகை அவர்தான்.

"நீங்க ஒருக்கா கண்டிக்கு வந்து பாருங்களேன் அத்தை" என்றேன்.

"என்னான்னே தெரியாத சண்டய பாக்க பஸ் ஏறி வரவா? போடி. வேணும்னா ஒன் சண்டய இங்க கொண்டு வா. நல்லா இருந்தா வாறோம்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அந்த வருடம் அம்மன் திருவிழா வாரத்தில், கொடி ஏறிய மறுநாள் மத்தியானம், பெரட்டுக்களத்தில் ஒரு காட்சிப் போட்டி வைப்பதற்குத் தோட்டத்துத் தலைவரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். பெரட்டுக்களம் என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி, யார் யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பும் வெளி. அங்கே நின்று பேச்சு வாங்காதவர்கள் எங்கள் லயத்தில் இல்லை. சேர் ஒரு வேனில் கயிறும் கம்பங்களும் கொண்டுவந்தார். தரையில் போட ஒன்றும் இல்லை. பெண்கள் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகளைக் கொண்டுவந்து அடுக்கி, மேலே தறப்பாளை இழுத்துக் கட்டினார்கள். என்னோடு மோத வந்தவள் எங்கள் கழகத்துச் சிங்களத் தோழி. இறங்கியவுடனேயே அத்தை அவளுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்.

மணி அடித்தபோது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். என் மூக்கில் ஒன்று விழுந்தது. அம்மா முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடி புள்ள! எங்க கங்காணிய நெனச்சிகிட்டு அடி!"

கங்காணியும் அங்கேதான் நின்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் வாய் மூடவில்லை.

"ரெண்டு கையும் ஓடணும்டி! கொழுந்து எடுக்குற மாதிரி!"

"ஒத்தக் கையில எடுத்தா கூடை எப்ப நெறையும்?"

"அந்தப் புள்ளயும் பாவம், நம்ம வீட்டு ரொட்டிய தின்னுருக்கு, பாத்து அடி!"

தப்பு அடிக்கும் மாமா ஒருவர் திருவிழாவுக்காகக் காய்ச்சி வைத்திருந்த தப்பை எடுத்துக்கொண்டு கயிற்றோரம் வந்தார். நான் முன்னால் போகும்போது அடி வேகமெடுக்கும். பின்வாங்கும்போது ஓய்ந்து நிற்கும். எனக்கு மூச்சு வாங்குவது அவருக்கு முதலில் தெரிந்தது போல இருந்தது. குத்துச்சண்டை பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் அதை அந்த ஒரு மத்தியானத்தில் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

அடுத்த கண்டிப் போட்டிக்கு ஒரு வேன் வந்தது. அதற்கு அடுத்ததுக்கு ஒரு பஸ். ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் பேர், அதாவது சம்பளம், போய்விடும் என்று தெரிந்தும் வந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகளின் பப்பரேக்கு எதிரே தப்பு ஒலித்தது. முதலில் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கப் பார்த்தன. பிறகு ஓய்வு நேரத்தில் வாத்தியக்காரப் பையன்கள் வந்து மாமாவிடம் தப்பை வாங்கி அடித்துப் பார்த்தார்கள். நானா என்னை நடுவில் போட்டார். அதன் பிறகு கடைசிப் போட்டியே எனக்கென்று ஆயிற்று. பதாகையில் என் படம் வந்தது. ஒரு பிரதி எங்கள் தோட்டத்துச் சந்தியில், பஸ் நிற்கும் இடத்தில் கட்டப்பட்டது. வேலைக்குப் போகும்போது அத்தை முந்தானையால் என் முகத்தில் படிந்த புழுதியைத் துடைத்துவிட்டுப் போவாராம். அம்மா அதை ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "இதுல எது ஒன் பேரு?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன்.

"கேட்டேன்தானே, யாரு வரப் போறன்னு" என்று நானா ஒருநாள் சிரித்தார். "இப்ப ஒங்கட ஆக்களுக்கு கதிரை போட எடம் இல்ல."

எனக்கு இருந்த பெருமிதத்தை இங்கே அளந்து சொல்ல முடியாது. படித்ததற்குக் கிடைக்காத மரியாதை இதற்குக் கிடைத்தது. படிப்பு என்னை லயத்திலிருந்து கொஞ்சம் தூரமாக்கியிருந்தது. உடுப்பு மாறியது, பேச்சு மாறியது. குத்துச்சண்டை என்னைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுக்கோ, சத்திரசிகிச்சைக்கோ, சோதனைக்கோ, முக்கியமான காரியத்துக்கு யார் போனாலும் முதல் நாள் மாலை வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னால், அந்த வீட்டில் எதையாவது வாயில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். வெறும் வாயோடு அனுப்பினால் போகிற காரியம் கைகூடாது என்பது எண்ணம். சாப்பிடாமல் இறங்கினால் அந்த வீட்டை மதிக்கவில்லை என்பது பொருள். படித்தவள் சாப்பிடாமல் இறங்கினால் அந்தப் பொருள் இரட்டிப்பாகும். "பெரிய படிப்பு படிச்ச புள்ள, எங்க வீட்டுல கை நனைக்குமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் எப்போதும் பயந்தேன்.

ஆரம்பத்தில் அதில் கஷ்டம் இருக்கவில்லை. நான் மோதியது ஐம்பத்து நான்கு கிலோப் பிரிவில். என் நிறை அதற்குக் கீழேதான் இருந்தது. ஒவ்வொரு போட்டிக்கும் முதல் நாள் தோட்டத்துக்குப் போய், எல்லா வீட்டிலும் சாப்பிட்டு, விடியற்காலைப் பஸ்ஸில் கண்டிக்கு வந்து தராசில் ஏறுவேன். சரியாக இருக்கும். சாப்பாடு ராசியாகிவிட்டது. "எங்க வீட்டு ரொட்டிதான் அன்னைக்கி ஜெயிச்சது" என்று அடுத்த வீட்டோடு சண்டை போடுவார்கள். பயிற்சி கூடக் கூட என் தோளும் தொடையும் திரண்டன. உடம்பு பாரமாகிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு போட்டிகளுக்கும் நான் முந்திய கிழமை முழுவதும் அரை வயிற்றோடு இருந்துதான் நிறையைப் பிடித்தேன். லயத்தில் அது யாருக்கும் தெரியாது.

சென்ற வருடம் அந்த வாய்ப்பு வந்தது. மாகாண அணிக்கு எங்கள் பிரிவில் ஒரு இடம் இருந்தது. எனக்கும் மாத்தளைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கும் இடையே யார் என்பதுதான் கேள்வி. தெரிவாளர்கள் அந்தப் போட்டியை வேறெங்கோ வைக்க இருந்தார்கள். நானாதான் பேசி அதைக் கண்டி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். "இந்தப் புள்ளைக்கு வார கூட்டத்த நீங்களும் ஒருக்கா பாருங்கோ" என்று சொன்னாராம். வென்றால் அணியில் சேரலாம். அணியில் சேர்ந்தால் நாட்டுப் போட்டிகளுக்குப் போகலாம். எங்கள் குடும்பத்தில் முதலாவதாக நான் செய்தவற்றில் இது இன்னொன்றாக இருக்கும்.

சேர் கண்டிப்பாகச் சொன்னார், சிங்களத்தில். "இந்த முறை ஊருக்குப் போகாதே. ஜெயித்த பிறகு போய்ச் சொல். நிறை நூலில் நிற்கிறது."

நான் போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். இரண்டு நாளைக்கு முன் அத்தை தொலைபேசியில் வந்தார்.

"ரெண்டு பஸ்ஸு சொல்லியாச்சு. மேல் டிவிஷன்லருந்தும் வாறாங்க. நீ எப்ப வாற?"

"இந்த வாட்டி வரல அத்தை. பயிற்சி இருக்கு."

 "சரி புள்ள. பெரிய எடத்துக்குப் போற. எங்க வீட்டுப் படியெல்லாம் இனி ஒனக்கு ஒசரம்தான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

போனேன்.

முதல் வீட்டில் சீனியில்லாமல் தேத்தண்ணி கேட்டேன். "ஏன், எங்க வீட்டுச் சீனி கசக்குதா?" என்று இரண்டு கரண்டி போட்டார்கள். ஒரு வாய் மட்டும் என்று ரொட்டியைக் கிள்ளினேன். "கோழி கொத்துற மாதிரி என்னா இது?" என்று முழுதாகத் தட்டில் வைத்தார்கள். ஒரு வீட்டில் பால்சோறு. ஒரு வீட்டில், நான் வருவேன் என்று காலையிலேயே சுட்டு வைத்த பணியாரம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய்தான். ஆனால் லயம் நீளமானது. ரொட்டியும் கட்டச் சம்பலும் தண்ணீர் கேட்டன. குடித்தேன். "வெயிட்டெல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று தப்பு மாமா கேட்டார். "சரியா இருக்கு மாமா" என்றேன். கடைசி வீடு அத்தையுடையது. முட்டை போட்டுக்கொண்டிருந்த கோழியை அறுத்திருந்தார். அந்தக் கோழியை எனக்குத் தெரியும். அத்தை கறியைப் போட்டுவிட்டு எதிரே குந்தி, நான் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தின் முன்னால் எப்படி எழும்புவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

காலையில் தராசில் ஏறினேன். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருந்தது.

பத்து மணிவரைக்கும் எத்தனை முறையும் ஏறிப் பார்க்கலாம். மழை அங்கியைப் போட்டுக்கொண்டு கண்டி வாவியைச் சுற்றி ஓடினேன். வெள்ளை உடையில் பூத்தட்டோடு விகாரைக்குப் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எச்சிலும் நிறைதான் என்று ஓடிக்கொண்டே துப்பினேன். திரும்பி வந்து ஏறினேன். குறைந்திருந்தது, போதவில்லை. கழகத்துக்குள் கயிறு துள்ளினேன். மறுபடியும் ஏறினேன். இன்னும் ஒரு கைப்பிடி அரிசி அளவு மிச்சமிருந்தது. கூந்தலை வெட்டிவிடட்டுமா என்று சேரைக் கேட்டேன். கத்தரிக்கோலைத் தேடி எழுந்தபோது கால் மடிந்தது. அவர் என் தோளில் கைவைத்து உட்கார வைத்தார்.

"போதும்" என்றார், தமிழில்.

மாத்தளைப் பெண் மோதாமலே வென்றாள். அணியில் அவள் இடம் உறுதியாயிற்று.

அம்மாவின் தொலைபேசிக்கு அழைத்தேன். மலைப்பாதையில் தொடர்பு கிடைக்கவில்லை. மத்தியானம் தாண்டி இரண்டு பஸ்களும் மண்டபத்துக்கு முன்னால் வந்து நின்றன. யன்னல்களில் என் பதாகை கட்டியிருந்தது. மாமா நடைபாதையில் பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சத் தொடங்கினார். செய்தி எப்படியோ எனக்கு முன்னால் அவர்களிடம் போய்விட்டது. தமிழும் சிங்களமுமாகப் பாதிப் பாதியாகப் போயிருந்தது. புள்ளயை நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

"தராசுல கள்ளம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"தோட்டத்து புள்ளன்னுதான் வேணும்னே நிப்பாட்டுறானுங்க!"

"கூப்புடு அந்த ஆள வெளிய!"

வேறு யாராவது இதைக் கேட்டால் அவசரப் புத்தி என்று சொல்லக்கூடும். எங்கள் ஆட்களுக்குத் தராசு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பறித்த கொழுந்தைத் தொங்கவிட்டு, தண்ணிக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்துச் சொல்லும் முள்ளைத்தான் அவர்கள் வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். அத்தை பஸ் படியில் நின்றபடி சத்தமாகவே கேட்டார்: "எங்களுக்கு கொறச்சி காட்டுவானுங்க, ஒனக்கு கூட்டி காட்டுறானுங்களா?"

பப்பரேப் பையன்கள் மண்டபப் படிக்கட்டில் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானா என்னிடம் ஓடிவந்தார். ஒருமுறை திகனைத் தெருவில் எழுந்த சத்தமொன்று கலவரமாக வளர்ந்து வந்து தன் கடையைத் தின்றதை அவர் பார்த்திருந்தார். 

"தங்கச்சி, சொல்லுங்கோ. சத்தம் பெரிசாகிறதுக்கு முந்தி இப்பவே சொல்லுங்கோ. நீங்க சொன்னா மட்டும்தான் கேப்பாங்க."

பஸ்ஸின் படியில் ஏறினேன்.

"தராசுல கள்ளம் இல்ல. நானே ஏறி ஏறி எறங்குனேன். எனக்குத்தான் வெயிட்டு கூடிருச்சு."

"நேத்து பொழுதுக்கும் சரியா இருக்குன்னுதானே சொன்ன?" என்று மாமா கேட்டார். கையில் தப்பு சூடாக இருந்தது.

  நேற்றுப் பொழுதுக்குப் பிறகு என்ன நடந்தது என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். சத்தம் ஒவ்வொரு வாயாக அடங்கியது. அத்தையின் கையில் ஒரு டிபன் பெட்டி இருந்தது. ஜெயித்த பிறகு நான் சாப்பிடுவதற்கு மிச்சக் கறியைக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் முந்தானையை இழுத்து மூடினார்.

"கோழியா புள்ள?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"இல்ல அத்தை."

அவர் நம்பவில்லை. நான் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அன்று அந்தத் தெருவில் வேறு வழி இருக்கவில்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தப் பெட்டியை அப்படி மூட வைத்தது நான் சொன்ன சொல்தான் என்பதையும் மாற்ற முடியாது.

டிக்கெட் எடுத்தாயிற்று என்று உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மற்றப் போட்டிகளைப் பார்த்தார்கள். கடைசியில் மாத்தளைப் பெண்ணை மேடைக்கு அழைத்து, நடுவர் அவளுடைய கையை உயர்த்தினார். முதலில் கைதட்டியது அத்தைதான். "அந்தப் புள்ள என்னா செய்யும்?" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். தப்பு ஒலிக்கவேயில்லை.

போகும்போது பஸ் கொஞ்ச நேரம் நின்றது. எனக்காகத்தான் என்று தெரியும். களைத்துப்போயிருக்கிறாள், போய்ப் படுக்கட்டும் என்று சேர் என்னைப் போர்டிங்குக்கு அனுப்பினார். நானும் போய்விட்டேன். தோற்றதைவிட இதைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். அந்த பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். ஹேவாஹெட்ட வரைக்கும் அவர்களோடு உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொல்லி, அந்த டிபன் பெட்டியைத் திறந்திருக்க வேண்டும். அன்று நான் எவ்வளவும் சாப்பிட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு பஸ் வரவில்லை. இரண்டு முறை போட்டியிட்டேன், இரண்டிலும் வென்றேன். பழைய சோடாப் போத்தல் சத்தம்தான். "ஆக்கள் எங்க தங்கச்சி?" என்று நானா கேட்டார். அவர்கள் வராதது கோபத்தால் அல்ல. "நாம போய் அதுக்கு ஒரு கெடுதி வந்துறக் கூடாது" என்று லயத்தில் பேசிக்கொள்வதாக அம்மா சொன்னார்.

ஊருக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். சிரித்துக்கொண்டு வருவார்கள், வாசலிலேயே நின்று நலம் விசாரிப்பார்கள். யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடத் தருவதில்லை. "வேணாம் புள்ள, ஒனக்குக் கூடிரும்" என்று ஊற்றிய தேத்தண்ணியை அத்தை என் முன்னாலேயே மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். சந்தியில் என் படம் வெயிலில் வெளுத்துப்போய்விட்டது. முகத்தைத் துடைக்க இப்போது யாரும் நிற்பதில்லை.

உடம்பு வளர்ந்துவிட்டது, அடுத்த பிரிவுக்குப் போ என்று சேர் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிடிவாதமாக மறுத்தேன். ஐம்பத்து நான்கில் என்னை வென்றவள் இல்லை. அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஐம்பத்தேழில் இருப்பவர்கள் என்னைவிட உயரமானவர்கள், பல வருட அனுபவமுள்ளவர்கள். அங்கே நான் மறுபடியும் முதல் போட்டிக்காரி. அணியில் அந்தப் பிரிவில் இப்போதைக்கு இடமும் இல்லை.

சென்ற வெள்ளிக்கிழமை திகனைக்குப் போய், என்னை ஐம்பத்தேழில் போடுங்கள் என்று நானாவிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல் போட்டிதான் தர ஏலும்."

"தாங்க" என்றேன்.

ஞாயிறு காலை தோட்டத்துக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குள் நுழையாமல் நேரே அத்தை வீட்டுக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்திலிருந்த பலகைக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னா இருக்கு அத்தை சாப்புட?"

"ஒனக்கு வேணாம்டி."

"மூணு கிலோ கூட்டணும்னு சொல்லியிருக்காங்க. பெரிய ஆளுங்களோட இனி."

பொய் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். முன்பு வீக்கம் தேடியது போல.

"யாரு சொன்னா?"

"சேர் சொன்னாரு. நான் பேரு குடுத்துட்டேன்."

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

அத்தை அடுப்பில் விறகைத் தள்ளினார். "கறி ஒன்னுமில்ல. ரொட்டியும் பருப்பும்தான்" என்றார்.

"போடுங்க."

போட்டார். போட்டிக்கு வருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முழு ரொட்டியையும் தின்று, தட்டை நானே கழுவி வைத்துவிட்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போய், யாரும் கூப்பிடுவதற்கு முன் உள்ளே நுழைந்தேன்.